தூண், வெள்ளைத் துணி, நீட்டிய கை: கிரேக்க நாடகம் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய நெறியாளர்களே, நாடகத்துறை ஆசிரியர்களே, ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் நடத்துவோரே,

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சொபோக்கிளிஸையோ யூரிப்பிடீஸையோ தமிழில் மேடையேற்றலாம் என்று முடிவானதும் செட் போடுபவரிடம் முதலில் என்ன கேட்கிறோம்? நாலு தூண், ஏழெட்டுப் படி, அதற்குப் பின்னால் வெள்ளைத் திரை. உடை தைப்பவரிடம் வெள்ளை அங்கி. கோரஸிடம், அதாவது கூட்டமாகப் பாடி ஆடிப் பேசும் குழுவிடம், ஒரே உடை, ஒரே குரல், ஒரே கையசைவு. வீரர்கள் வந்தால் கை முன்னால் நீளும். முடிவில் ஒரு தீப்பந்தம் இருந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸிலிருந்து வந்தவை அல்ல. ஐரோப்பிய ஓவியக்கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உருவாகி, 1920களிலும் 30களிலும் இத்தாலிய, ஜெர்மானிய அரசுகளின் பணத்தில் ஊதிப் பெருக்கப்பட்டு, புகைப்படமாகவும் திரைப்படமாகவும் உலகெங்கும் போய்ச் சேர்ந்தவை. நமக்கும் அப்படித்தான் வந்தன. கேட்க இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரு காட்சியை எடுத்தாளுமுன் அது எந்தக் காலத்து அடுக்கிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கிரேக்க அரங்கு பற்றிய பாடத்தில், பாசிசம் அந்த அரங்கை என்ன செய்தது என்பதற்கும் ஒரு வகுப்பாவது ஒதுக்குங்கள்.

கையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் ஒத்திகையில் மிக எளிதாக நுழைந்துவிடுவது அதுதான். முழங்கை மடங்காமல், உள்ளங்கை கீழ்நோக்க, விரல்களைச் சேர்த்து முன்னால் நீட்டும் அந்த ‘ரோம வணக்கம்’ ரோமர்களிடம் வழக்கத்தில் இருந்ததற்கு எழுத்திலோ சிற்பத்திலோ சான்று இல்லை. ரோமச் சிற்பங்களில் கை உயர்த்தியவர்கள் உண்டு. ஆனால் பேரரசர் அகஸ்டஸின் பிரீமா போர்த்தா சிலை போல அவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசப்போகிறவர்கள்; விரல்கள் விரைப்பாக ஒட்டியிருப்பதில்லை. நீட்டிய கை பிரபலமானது 1784இல் பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி தாவீத் வரைந்த ஹோராத்தி சகோதரர்களின் சபத ஓவியத்திலிருந்து. அதிலும் அவர்கள் வணங்கவில்லை, வாளை வாங்கக் கை நீட்டுகிறார்கள். அதன்பின் 19ஆம் நூற்றாண்டு மேடைகளில் ரோமராக வேடம் கட்டியவர்கள் இந்தச் சைகையை எடுத்துக்கொண்டார்கள், மௌனப்படங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டன. 1914இல் வந்த இத்தாலியப் படமான ‘கபீரியா’வில் இது வருகிறது. அந்தப் படத்தின் எழுத்தட்டைகளை எழுதியவராகப் பெயர் போடப்பட்டவர் கவிஞர் கப்ரியேலே தானுன்சியோ. 1919 செப்டெம்பரில் அவர் ஆயுதக் கூட்டத்தோடு ஃபியூமே நகரைப் பிடித்தபோது மாடத்தில் நின்று கூட்டத்தோடு கேள்வி பதில் நடத்தும் முறை, கறுப்புச் சட்டை, கிரேக்கப் போர்க்கூச்சலிலிருந்து அவர் சமைத்த ‘எயா எயா அலலா’, நீட்டிய கை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. முசோலினி அந்தத் தொகுப்பை ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொண்டார். முசோலினியிடமிருந்து ஹிட்லரின் கட்சி வாங்கியது. ஆக அரங்கின் பழைய வேடச்சைகை ஒன்று அரசியலுக்குப் போய், கோடிக்கணக்கானவர் மேல் சுமத்தப்பட்டு, திரும்ப நம் ஒத்திகைக்கே ‘தொன்மை’ என்ற பெயரில் வந்து நிற்கிறது.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். பண்டைக் கிரேக்க மண்குவளைகளில் வரைந்த ஓவியங்களில் நிறையவே இருக்கிறது. இறைவனிடம் வேண்டும்போது இரு கைகளும் மேலே, உள்ளங்கை வானம் பார்க்கும். மனிதரிடம் கெஞ்சும்போது ஒரு கை அவர் முழங்காலை, மறுகை மோவாயைத் தொடும். பலிநீர் வார்க்கும்போது தட்டையான கிண்ணம் மெல்லச் சாயும். மூன்றுமே நடிகரைத் தரைக்கும் எதிராளிக்கும் அருகில் கொண்டுவருகின்றன.

அடுத்தது வெள்ளை நிறம். நேப்பிள்ஸில் இருக்கும் புரோனோமோஸ் குவளை கி.மு. 400ஐ ஒட்டியது. நடிகர்கள் கையில் முகமூடியோடு நிற்கும் அந்த ஓவியத்தில் உடைகள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை பின்னல் வேலையும் உருவங்களும் நிறைந்தவை, மணிக்கட்டு வரை சட்டைக்கை. துணிக்கடையில் பட்டுப் பகுதிக்குப் போக வேண்டியவர்களைப் போர்வைப் பகுதிக்கு அனுப்புகிறோம். சிலைகளுக்கும் வண்ணம் இருந்தது. மண்ணுக்குள் கிடந்து அது உதிர்ந்துவிட்டது. அந்த வெறும் வெண்பளிங்கைத்தான் ரோமில் 1932இல் திறக்கப்பட்ட முசோலினி மன்றத்தில், பளிங்கு அரங்கைச் சுற்றி அறுபதையொட்டிய தடகள வீரர் சிலைகளாக நிறுத்தினார்கள். 1938 ஆகஸ்டில் வெளிவந்த இனவாத இதழ் ‘லா திஃபேசா தெல்லா ராட்சா’வின் முதல் அட்டையில் ஒரு செவ்வியல் சிலையின் தலையையும், யூதரையும் ஆப்பிரிக்கரையும் குறித்த முகங்களையும் ஒரு வாள் பிரிக்கிறது. வெண்பளிங்கு ‘நம் இனம்’ என்று சொல்லப் பயன்பட்டதற்கு அதைவிட வெளிப்படையான படம் வேண்டாம்.

இத்தாலிக்கு வருவோம். சிசிலியின் சிராகூசாவில் பாறையைக் குடைந்து செய்த பழைய கிரேக்க அரங்கு இருக்கிறது. அங்கே நவீன அளிக்கைகள் 1914இல் எஸ்கைலஸின் ‘அகமெம்னோன்’ நாடகத்தோடு தொடங்கின. பணமும் முன்முயற்சியும் கர்கல்லோ பிரபுவுடையவை; மொழிபெயர்த்து நெறியாண்டவர் எத்தோரே ரொமன்யோலி; செட் துயிலியோ கம்பெல்லோட்டி. அப்போது பாசிசக் கட்சியே கிடையாது. போரினால் நின்று 1921இல் திரும்பத் தொடங்கியது. 1925இல் அரசு அதைத் தேசிய நிறுவனமாக்கியது. இந்த வரிசையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஆண்டுகளை மாற்றிவிடாதீர்கள். ‘முசோலினி கிரேக்க அரங்கை மீட்டார்’ என்பது அந்த அரசு பரப்பிய கதை. உள்ளூர்க்காரர்கள் நடத்திக்கொண்டிருந்ததை அரசு வாங்கித் தன் முத்திரையைக் குத்தியது என்பதே நடந்தது.

நாட்டுப்புறத்துக்கு வேறு ஏற்பாடு. 1929இல் தோபொலவோரோ என்ற அரசு ஓய்வுநேர அமைப்பு ‘தெஸ்பிஸின் வண்டிகள்’ என்ற பெயரில் லாரிகளில் போகும் நாடகக் கொட்டகைகளை இறக்கியது. முதல் நடிகன் தெஸ்பிஸ் வண்டியில் ஊரூராகப் போனான் என்று ரோமக் கவிஞர் ஹொரேஸ் சொன்ன வரியிலிருந்து அந்தப் பெயர். மேடை, இருக்கை, மின்னொளி, வானம் காட்டும் ஃபோர்த்துனி குவிமாடம் வரை எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. அடுத்த ஆண்டே இசைநாடகத்துக்குத் தனி வண்டி. ஓர் ஊருக்குள் நுழைந்து, கொட்டகை எழுப்பி, ஆடி முடித்துப் பிரித்துப் போகிற அந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமானது. அதை மறுக்கத் தேவையில்லை. மெட்டாக்சாஸ் சர்வாதிகாரம் 1939இல் கிரேக்கத்தில் ‘தெஸ்பிஸின் தேர்’ என்று ஒரு நாடோடிக் குழுவைத் தொடங்கியபோது பெயருக்குக்கூட வெகுதூரம் போகவில்லை.

பாடத்தில் ஓர் இடம் மட்டும் சொல்ல நேரம் இருந்தால் அப்போது இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த லிபியாவின் சப்ராத்தாவைச் சொல்லுங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ரோம அரங்கு அது. இத்தாலியத் தொல்லியலாளர் ஜாக்கோமோ குய்தி அகழ்ந்து, மூன்றடுக்குத் தூண் வரிசை கொண்ட மேடைப் பின்சுவரை விழுந்து கிடந்த கற்களைக் கொண்டு நிமிர்த்தத் தொடங்கினார். 1936இல் அவர் இறந்தபின் ஜாக்கோமோ கபூத்தோ முடித்தார். 1937 மார்ச் 19 அன்று முசோலினி முன்னிலையில், ஆளுநர் இத்தாலோ பால்போ விருந்தளிப்பவராக இருக்க, அங்கே ‘ஈடிப்பஸ் மன்னன்’ ஆடப்பட்டது. எழுதியவர் கிரேக்கர். ஊரை நிறுவியவர்கள் பினீசியர்கள். அரங்கு ரோமருடையது. மொழி இத்தாலியம். இவற்றையெல்லாம் ஒரே வாக்கியத்தில் கட்டியது ‘நாங்கள் திரும்பி வந்திருக்கிறோம்’ என்ற உரிமைக்கோரல். அதே பயணத்தில்தான் திரிப்போலியில் முசோலினி ‘இஸ்லாத்தின் வாள்’ ஏந்திக் குதிரைமேல் காட்சி கொடுத்ததும், கடற்கரை நெடுஞ்சாலையின் நடுவே பாலைவனத்தில் கட்டிய ஃபிலேனி வளைவைத் திறந்துவைத்ததும்.

அந்த மேடைப் பின்சுவர் எதை மறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930 முதல் 1933 வரை கிழக்கு லிபியாவில் ஒரு லட்சம் பேரளவில் மேய்ச்சல் குடிகளை இத்தாலிய இராணுவம் முகாம்களுக்கு ஓட்டிச் சென்றது. பல பத்தாயிரம் பேர் பசியிலும் நோயிலும் மடிந்தார்கள். எதிர்ப்பை நடத்திய உமர் முக்தார் 1931 செப்டெம்பர் 16இல் தூக்கிலிடப்பட்டார். காலியான நிலத்துக்கு 1938 அக்டோபரில் ஏறத்தாழ 20,000 இத்தாலியக் குடியேறிகள் ஒரே கப்பல் தொகுதியில் வந்திறங்கினார்கள். நகரில் கொள்ளைநோய்க்குக் காரணமான குற்றவாளியைத் தேடி, அது தானே என்று கண்டுபிடிக்கும் அரசனின் கதையை இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையில் அங்கே ஆடியிருக்கிறார்கள். யாரும் நெளிந்ததாகத் தெரியவில்லை.

ரோம் நகரத்தையே செட் ஆக்கியதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொலோசியத்துக்கும் வெனிசியா சதுக்கத்துக்கும் நடுவே இருந்த அலெசாந்திரினோ குடியிருப்பையும் வேலியா மேட்டையும் இடித்து, 1932 அக்டோபர் 28இல் பேரரசுச் சாலை திறக்கப்பட்டது. அணிவகுப்புக்குத் தேவை நேர்கோடும் அகலமும்; குடியிருந்தவர்கள் நகர விளிம்புக்குப் போனார்கள். 1938 மே மாதம் ஹிட்லர் வந்தபோது கொலோசியத்துக்கு உள்ளிருந்து சிவப்பு ஒளி பாய்ச்சினார்கள், வரும் வழிக்கு ஒட்டுப்போட்டு அழகுபடுத்தினார்கள். டிராவர்டீன் கல் நகரத்தை அட்டையால் திரும்பக் கட்டி, நாளைய எசமானான சுவர்வண்ணக்காரனை (ஹிட்லரைத்தான்) வரவேற்கிறோம் என்று ரோமாபுரியார் வாயில் ஒரு நாலுவரி திரிந்தது. அந்த ஆண்டுதான் ஜெர்மானியரின் விரைத்த கால் அணிநடை ‘ரோம நடை’ என்ற பெயரில் இத்தாலியப் படையில் நுழைந்தது. அது வாத்துநடை அல்லவா என்று கேலி செய்தவர்களுக்கு முசோலினி சொன்ன பதில், வாத்து ரோமப் பறவை, (பழைய கதையில் கத்தி எச்சரித்து) ரோமின் கேப்பிட்டல் குன்றைக் காப்பாற்றியது என்பது.

ஜெர்மனியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அங்கே சிக்கல் கோரஸில். 1933இல் ஆட்சிக்கு வந்ததும் கோயபல்ஸின் பிரசார அமைச்சகம் ‘திங்’ என்ற பெயரில் திறந்தவெளி அரங்குகளை நாடெங்கும் கட்டத் திட்டமிட்டது. பெயர் பழைய ஜெர்மானியக் குடிச்சபையினுடையது. உருவம் மலைச்சரிவில் அரைவட்டமாகப் படியிறங்கும் கிரேக்க அரங்கினுடையது. சுமார் 400 கட்டுவதாகத் திட்டம். எழுந்தது அதில் பத்தில் ஒரு பங்கு. முதலாவது ஹாலே நகர் அருகே 1934 ஜூனில்; ஹைடெல்பெர்க் மலைமேல் இருப்பதை 1935 ஜூன் 22இல் கோயபல்ஸே திறந்தார். பெரியது பெர்லினில் வெர்னர் மார்ஹ் கட்டிய டீட்ரிஹ் எக்கார்ட் அரங்கு. கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரின் பழைய அரங்கை மனதில் வைத்து 20,000 பேருக்கு அமைத்தது. 1936 ஆகஸ்ட் 2இல், ஒலிம்பிக் தொடங்கிய மறுநாள், ‘ஃபிராங்கன்பர்க் பகடையாட்டம்’ என்ற நாடகம் சுமார் 1,200 பேரோடு அங்கே நடந்தது. இன்று வால்டுபூனே என்ற பெயரில் இசைக்கச்சேரிகள் நடப்பதும் அதே இடந்தான்.

இந்த இயக்கம் மூன்றாண்டில் சோர்ந்து போனது. ஏன் என்பது எல்லா நெறியாளருக்கும் பயன்படும். முதலாவது ஒலி. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 60 மீட்டர் பரப்பில் நிற்கும் கோரஸ் ஒரே நேரத்தில் வாய் திறந்தாலும், ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பக்கக் குரல் இந்தப் பக்கக் குரலுக்குப் பிறகு ஆறில் ஒரு பங்கு நொடி பிந்தி வரும். நிதானமாக ஓதும்போதுகூட ஒரு அசையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். சொல் மேல் சொல் ஏறி, கடைசியில் மந்தமான இரைச்சல் மிஞ்சும். எபிடாரஸில் ஆடுகளத்தின் குறுக்களவு 20 மீட்டரளவு. அதற்குள் நிற்கும்போது பிந்துதல் அதிகம் போனால் பதினேழில் ஒரு பங்கு நொடி, காது அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். ஒலிபெருக்கி வைத்தார்கள், குரல் கூடியது, யார் பேசுகிறார் என்பது தெரியாமல் போனது. இரண்டாவது மழை. வடக்கு ஐரோப்பாவின் கோடை சிசிலிக் கோடை அல்ல. மூன்றாவது பிரதி. எதிர்ப்பவரே இல்லாத கூட்டம் தன்னோடு தானே ஒத்துப்போவதை இரண்டு மணி நேரம் பார்ப்பது எந்தக் கொள்கைக்காரருக்கும் அலுக்கும். 1935 அக்டோபரில் ‘திங்’ என்ற சொல்லைக் கட்சி பயன்படுத்தக் கூடாதென்று உத்தரவு வந்தது, 1936 மே மாதம் கூட்டு ஓதலுக்குத் தடை வந்தது. மக்களைத் திரட்டும் வேலையை வானொலியும் சினிமாவும் அணிவகுப்பும் மலிவாகவே செய்துகொண்டிருந்தன.

இங்கே ஒரு கசப்பான உண்மை. வட்ட அரங்கில் பெருந்திரள் கோரஸோடு கிரேக்க நாடகம் என்ற உத்தியை ஜெர்மனியில் நிலைநாட்டியவர் நெறியாளர் மாக்ஸ் ரைன்ஹார்ட். 1910இல் சர்க்கஸ் கொட்டகையில் ‘ஈடிப்பஸ்’, 1911இல் எஸ்கைலஸின் ‘ஒரெஸ்தியா’, 1919இல் பெர்லினின் பெரும் அரங்கை மறுபடி ‘ஒரெஸ்தியா’வோடு திறந்தது. அவர் யூதர், 1933இல் ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கூட்டு ஓதலை வளர்த்தவர்கள் சமூக ஜனநாயக, கம்யூனிஸ்டுத் தொழிலாளர் சங்கத்தார். அவர்கள் சிறைக்குப் போனார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு, உரியவர்களை விரட்டி, பெயரை மட்டும் தொன்மைக்கு எழுதிவைத்தார்கள். ஆகவே ‘பெரிய கோரஸ் என்றாலே பாசிசம்’ என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள்.

நாஜிக் கட்சி மாநாடுகள் நடந்த நியூரம்பெர்க்கைத் தொட்டுவிட்டுப் போகிறோம். செப்பெலின் மைதானத்தின் மேடைக்கு ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட் ஸ்பியர் மாதிரியாகக் கொண்டது பெர்கமோன் என்ற பண்டைக் கிரேக்க நகரின் பலிபீடம். அதன் கற்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில்தான் இருந்தன. இரவில் நூற்றுக்கு மேற்பட்ட தேடுவிளக்குகளை வானம் பார்க்க நிறுத்திய ‘ஒளித் தேவாலய’த்துக்கு அவரே பின்னாளில் சொன்ன காரணம், வயிறு பெருத்த கட்சி அலுவலர்கள் வரிசையாக நடக்கத் தெரியாதவர்கள், இருட்டில் நடக்கவிட்டால் தெரியாது என்பது. ஒளியமைப்பு செய்கிற எவருக்கும் இது புதிதாக இருக்காது!

தீப்பந்தம் பற்றி நமக்கு இருக்கிற மயக்கம்தான் பெரியது. பழைய ஒலிம்பியாப் போட்டிகளில் பந்தம் ஏந்தி நாடு கடந்து ஓடும் வழக்கம் இல்லை. ஏதென்ஸில் பந்த ஓட்டம் இருந்தது, ஆனால் அது பலிபீடத்துக்கு நெருப்பை அணையாமல் கொண்டுபோகும் ஊர்ப்போட்டி. ஒலிம்பியாவிலிருந்து போட்டி நகருக்கு ஓட்டம் என்பதை 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்காக அமைத்தவர் கார்ல் டீம். 1936 ஜூலை 20 அன்று குழியாடியில் சூரிய ஒளியைக் குவித்து நெருப்பு எடுத்தார்கள். பூசாரிணிகளாக உடுத்திய பெண்களின் அசைவுகளை அமைத்தவர் கூலா பிரட்சிகா என்ற கிரேக்க நடன ஆசிரியர். 12 நாள், ஏழு நாடு, 3,000க்கு மேற்பட்ட ஓட்டக்காரர். ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் அளவு. பந்தத்தின் பிடி குருப் ஆலையின் எஃகு. உள்ளே மக்னீசியம் கலந்த எரிபொருள் பத்து நிமிடம் அளவு எரியும், ஆகவே ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓடினாலும் மீதம் இருக்கும். மேடைக்கான எல்லாக் கணக்கும் அதில் உண்டு. லெனி ரீஃபென்ஸ்டாலின் 1938ஆம் ஆண்டு ஒலிம்பிக் படம் பண்டைக் கிரேக்கச் சிற்பி மைரோனின் வட்டெறியும் சிலையைக் கரைத்து உயிருள்ள தடகள வீரராக்கியது. அதே சிலையின் ரோமப் படி ஒன்றை 1938இல் ஹிட்லர் 50 லட்சம் லீராவுக்கு வாங்கி மியூனிக்கில் வைத்தார். 1948இல் அது இத்தாலிக்குத் திரும்பியது. ‘பண்டைய கிரேக்கம்’ என்று இணையத்தில் தேடி வகுப்புக்குப் படம் எடுக்கும்போது பின்னணியில் புகை மூட்டமும், கீழிருந்து வானத்தை நோக்கிய கேமராவும் இருந்தால் ஆண்டு பார்த்துவிட்டு எடுங்கள்.

அப்படியானால் கிரேக்க நாடகமே வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். சோக நாடகக் கோரஸ் சொபோக்கிளிஸ் காலத்தில் 15 பேர், அதற்கு முன் 12. பதினைந்து பேர் என்றால் ஒவ்வொருவர் முகமூடியும் ஒரு நபர். அவர்களுக்குள் சந்தேகம் இருக்கலாம், வாக்குவாதம் வரலாம். ‘அகமெம்னோன்’ நாடகத்தில் உள்ளே கொலை நடக்கும்போது வெளியே நிற்கும் முதியவர்கள் என்ன செய்வதென்று ஆளுக்கொரு இருவரி பேசி முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறார்கள். 1,200 பேரை வைத்து அந்த இடத்தை ஆடவே முடியாது. நம் கூத்தில் பிற்பாட்டுக்காரர் இரண்டு மூன்று பேர் கட்டியங்காரனைக் கேள்வி கேட்பது போல, கோரஸின் குரல்களைப் பிரித்துப் பாருங்கள்: ஐந்தைந்து பேராக மூன்று தொகுதி, ஒன்றாகச் சேரும் வரிகளைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து. அந்த வரிகள் வரும்போது அவற்றுக்குப் பயம் இருக்கும்.

செட்டுக்கும் ஒரு முன்னுதாரணம். 1948 பெப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் குர் நகரில் ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெஹ்ட், கவிஞர் ஹோல்டர்லின் மொழிபெயர்ப்பின் மேல் தன் ‘ஆன்டிகனி’யை ஆடியபோது, போர் முடியும் நாள்களின் பெர்லினில் ஒரு முன்காட்சியை வைத்தார். செட் அமைத்த காஸ்பர் நேர் என்பவர் தூணும் படியும் போடவில்லை. குதிரை மண்டையோடு மாட்டிய நாலு கம்பம், அதற்குப் பின்னால் நீண்ட பெஞ்சு, தங்கள் முறை வரும்வரை நடிகர்கள் பார்வையாளர் கண்முன்னே அதில் உட்கார்ந்திருந்தார்கள். செலவும் குறைவு. சிறு குழுவுக்கு ஏற்றது.

நிகழ்ச்சித் தாளில் இடம் இருந்தால் மூன்று வரி போடுங்கள்: உடை எந்தக் குவளை ஓவியத்தைப் பார்த்தது, கோரஸின் எண்ணிக்கை எதிலிருந்து வந்தது, இசை யாருடைய கற்பனை. தேர்வுத்தாள் எழுதுகிறவர்கள் ‘கிரேக்க அரங்கின் பகுதிகளைப் படம் வரைந்து குறிக்க’ என்பதோடு, ‘1937இல் சப்ராத்தாவில் ஈடிப்பஸ் ஆடப்பட்டபோது அந்த அரங்கின் எந்தப் பகுதி புதிதாக நிமிர்த்தப்பட்டிருந்தது, யாருக்காக?’ என்றும் ஒரு கேள்வி சேருங்கள். ஐந்து மதிப்பெண் போதும்.

அன்புடன்,
அரங்க வரலாறு படிப்போர் சிலர்